முகக்கவசம் எதைத் தடுக்கும், எவ்வளவு தடுக்கும்: திருப்பூரிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

திருப்பூரில் 40 பேரை வைத்துப் பவர் டேபிள், அதாவது பனியன் தைக்கும் சிறு கம்பெனி, நடத்தும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொரோனா ஆண்டுகளில் ஊரே முகக்கவசம் போட்டது, போடாதவர்கள் அபராதம் கட்டினார்கள். இப்போதோ, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பெரிய தொகுப்பு ஒன்று முகக்கவசத்தால் பயனில்லை என்று சொல்லிவிட்டதாக அவர் படித்திருக்கிறார். மார்கழிப் பனி இறங்கியதிலிருந்து அவருடைய கம்பெனியில் வரிசையாக ஆட்கள் இருமுகிறார்கள். வீட்டில் 72 வயதுத் தந்தைக்கு, நூல் மில்லில் உழைத்த காலத்திலிருந்தே நுரையீரல் பழுது. இருமுகிறவர்களை முகக்கவசம் போடச் சொல்வதில் பொருள் உண்டா, அல்லது அன்று நாம் செய்ததெல்லாம் வீண்தானா என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கேட்பதால்தான் இத்தனை குழப்பம். மூக்கையும் வாயையும் மூடும் ஒரு பொருள் நோய்க்கிருமி வெளியே போவதையும் உள்ளே வருவதையும் தடுக்குமா என்பது முதலாவது. ஓர் ஊர் மக்கள் அனைவரையும் அதை அணியச் சொன்னால் அந்த ஊரில் நோய் குறையுமா என்பது இரண்டாவது. என் கம்பெனியிலும் என் வீட்டிலும் நான் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அரைகுறையான பதில்தான் இருக்கிறது. மூன்றாவதற்கு, முதல் இரண்டையும் புரிந்துகொண்ட பிறகு, ஒரு மருத்துவனாக என்னால் யோசனை சொல்ல முடியும். நான் 31 ஆண்டுகள் ஈரோடு, கோவைப் பக்கத்து மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காசநோயாளிகளோடுதான் என் பெரும்பாலான நாட்கள் கழிந்தன. புள்ளியியலில் நான் நிபுணன் அல்லன். ஆய்வுகளை வாசித்து எடைபோடும் அளவுக்கு மட்டுமே பயிற்சி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர்த்துளிகள் வெளிவருகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்துளிகள், ஊதுவத்திப் புகை ஓர் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பதைப் போல, காற்றோட்டம் இல்லாத இடத்தில் நெடுநேரம் மிதக்கும். காசநோய் அப்படித்தான் பரவுகிறது என்பது எங்கள் துறையில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் தங்கும். கொரோனாவை மட்டும் ஏனோ பெருந்துளி நோயாகவே முதலில் எல்லோரும் பார்த்தார்கள். 2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார நிறுவனம், இது காற்றில் பரவுவதில்லை என்று அழுத்தமாகவே அறிவித்தது. அதே மாதம் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒரே கூடத்தில் பாடிப் பழகினார்கள். அவர்களில் ஒருவருக்குச் சளிக்குறி இருந்தது. சில நாட்களில் அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பெருந்துளி மட்டும் காரணமாக இருந்தால் அவருக்கு அருகில் நின்றவர்களோடு அது பெரும்பாலும் நின்றிருக்கும்.

பாடியது அங்கே முக்கியமான செய்தி. குரலை உயர்த்த உயர்த்த நுண்துளிகள் கூடுதலாக வெளிவருகின்றன என்பது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களில் நின்று பேசியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நாடா ஓடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டுமானால் வாயைக் காதருகே கொண்டுபோய்க் கத்தத்தான் வேண்டும். வரிசையாக மெஷின் ஓடும் உங்கள் கூடத்திலும் அதே நிலைதான் இருக்கும். சத்தமும் நெருக்கமும் மூடிய கூரையும் ஒன்றுசேரும் இடம், நோய் ஒருவரிடமிருந்து பலருக்குத் தாவ வசதியான இடம்.

சரி, துணியோ இழையோ இதைத் தடுக்குமா? 'கிருமி துணியின் ஓட்டையைவிடப் பல மடங்கு சிறியது, கொசுவை நிறுத்த மாட்டுத்தொழுவத்துக்கு வேலி போட்ட கதைதான்' என்று என்னிடம் வாதிட்டவர்கள் பலர். வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அடிப்படை தவறு. கொரோனா வைரஸ் சுமார் 0.1 மைக்ரான் அளவுள்ளது என்பது சரிதான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்). ஆனால் அது தனியாகப் பறந்து வருவதில்லை, உமிழ்நீரும் சளியும் கலந்த துளிக்குள் பயணம் செய்கிறது. தவிரவும், வடிகட்டி என்பது மாவு சலிக்கும் சல்லடை போல் வேலை செய்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்கும் இழைகளுக்கு இடையே காற்று வளைந்து வளைந்து போகிறது. பெரிய துகள் வளைவில் திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகள், காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஓர் இழையில் போய்ப் படிகிறது. இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரானிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் இருக்கும் அளவுதான் பிடிக்கக் கடினமானது. அதனால்தான் அந்த அளவை ஒட்டிய துகள்களைக் கொண்டு சோதிக்கிறார்கள். எண்ணெய்ப் பசை இல்லாத அந்தத் துகள்களில் 95 விழுக்காட்டையாவது பிடிப்பதே என்95 என்னும் முகக்கவசம். மிகச் சிறியவற்றையும் அது நன்றாகவே பிடிக்கும்.

மூன்றடுக்கு மருத்துவ முகக்கவசத்தின் நடுவிலும் என்95-இன் உள்ளேயும் இருப்பது பாலிபுரொப்பிலீனை உருக்கி ஊதி எடுத்த மெல்லிய இழைத் தாள். அதில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுவதைப் போலத் துகள்கள் அதில் ஒட்டும். அதைச் சோப்புப் போட்டு அலசினாலோ, சானிடைசர் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் அழிந்து, தாள் பார்ப்பதற்கு அப்படியே இருக்க, வேலை மட்டும் பாதியாகிவிடும். கொரோனாக் காலத்தில் துவைத்துக் கொடியில் காயப்போட்ட என்95-களை வீதிவீதியாகப் பார்த்தேன். அவற்றைப் போட்டவர்கள் காப்பு இருக்கிறது என்று நம்பியதுதான் வருத்தம். துணி முகக்கவசத்துக்கு அந்த மின்னூட்டமே கிடையாது. நெருக்கமாக நெய்த பருத்தி இரண்டு மூன்று அடுக்காக இருந்தால் ஓரளவு பிடிக்கும். பனியன் துணி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதுவரை இழுத்து மாட்டினால் பின்னலின் கண் விரிந்துகொள்ளும். 2020-இல் ஆர்டர் இல்லாமல் நின்ற எத்தனையோ யூனிட்டுகள் கையிலிருந்த பனியன் துணியில் முகக்கவசம் தைத்துப் பிழைத்தன. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேறு எதுவும் கிடைக்காத மாதங்களில் அது வெறும் முகத்தைவிட மேலாகத்தான் இருந்தது. ஆனால் இன்று மருத்துவ முகக்கவசம் மருந்துக்கடைதோறும் கிடைக்கும்போது ஒற்றையடுக்குப் பனியன் துணியை நம்புவதற்குக் காரணம் இல்லை.

இழையைவிடப் பெரிய ஓட்டை முகத்துக்கும் முகக்கவசத்துக்கும் நடுவில் இருக்கிறது. காற்றுக்கு எளிதான வழி எதுவோ அதில்தான் அது போகும். கன்னத்தின் இரு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும் முகக்கவசத்தில், மூச்சில் பெரும்பங்கு வடிகட்டி வழியே போகாமல் பக்கவாட்டில் போய்விடும். மூக்குக் கம்பியை அழுத்திவிடுவதும், காதுப்பட்டையின் அடியில் ஒரு முடிச்சுப் போட்டு ஓரத்தை உள்ளே மடித்துவிடுவதும், நல்ல தாடியை மழித்துக்கொள்வதும் புதிதாக ஒன்றை வாங்குவதைவிடப் பயன் தரும். வால்வு வைத்தது வேண்டாம். உள்ளே வரும் காற்றை வடிகட்டிவிட்டு வெளியே போகும் மூச்சை அப்படியே விட்டுவிடும் என்பதால்தான் 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை அதைப் பொதுமக்கள் அணிய வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது.

இனி, நோயாளி அணிவதா, மற்றவர் அணிவதா என்ற விஷயம். இதில்தான் எனக்கு மிகத் தெளிவான கருத்து உண்டு. வாயிலிருந்து புறப்படும் கணத்தில் துளி பெரிதாகவும் ஈரமாகவும் இருக்கும், ஒரே இடத்தில் குவிந்தும் இருக்கும். அங்கே தடுப்பது எளிது. காற்றில் சிதறி உலர்ந்து நுண்மையான பிறகு ஒவ்வொருவர் மூக்கிலும் தடுப்பது கடினம். தென்னாப்பிரிக்காவில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ள 17 பேர் தங்கிய வார்டின் காற்றை இரு அறைகளுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் 90 கினிப்பன்றிகளை வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் சாதாரண மருத்துவ முகக்கவசம் அணிந்த நாட்களின் காற்று ஓர் அறைக்கும், அணியாத நாட்களின் காற்று மற்றோர் அறைக்கும் போனது. அணியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 69-க்குத் தொற்று ஏற்பட்டது. அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 36-க்கு ஏற்பட்டது. 2012-இல் வெளிவந்த இந்த ஆய்வு, தொற்றும் அபாயம் 56 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டது. பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் மீதி இருந்தது. இந்த இரண்டு பாதிகளையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டால் முகக்கவசத்தைப் பற்றிய பல சண்டைகள் தேவையற்றுப் போகும்.

இது புதிய அறிவும் அன்று. 1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்தே, இது எலித்தெள்ளு வழியாக அல்லாமல் மூச்சு வழியாகப் பரவுகிறது என்று கண்டு, பஞ்சை நடுவில் வைத்த வலைத்துணியை எல்லோர் முகத்திலும் கட்டச் சொன்னார். அதை ஏற்க மறுத்து, முகத்தை மூடாமல் நோயாளிகளைப் பார்க்கப் போன பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாட்களில் அதே நோயால் இறந்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நம் கோயம்புத்தூரிலும் பிளேக் வந்து ஊரைக் காலிசெய்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அதைச் சொல்லி நிற்கின்றன. ஆனால் நாடெங்கும் அன்று பெரிதும் பரவியது எலியும் தெள்ளும் கொண்டுவரும் நெறிகட்டிப் பிளேக். அதற்கு முகத்தைக் கட்டிப் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. வீட்டை விட்டு வயல்வெளிக் குடிசைக்குப் போனவர்கள்தான் தப்பினார்கள். கிருமி ஒன்றே, பரவும் வழி வேறு, அதனால் தடுப்பும் வேறு. டெங்குக் காய்ச்சலுக்கு முகக்கவசம் அணிந்து புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். கொசு கடிப்பதை அது எப்படித் தடுக்கும்? மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் தண்ணீரில் வருகின்றன. எந்த நோய்க்கு என்பதைச் சொல்லாமல் முகக்கவசம் பயன்படுமா என்று கேட்டால் பதிலும் தவறாகத்தான் வரும்.

இப்போது நீங்கள் படித்த அந்தத் தொகுப்புக்கு வருகிறேன். அது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட மறுஆய்வு. கைகழுவுதல் உட்பட பலவற்றையும் சேர்த்து 78 சோதனைகளை அது எடுத்துக்கொண்டது. மருத்துவ முகக்கவசம் அணியச் சொன்ன குழுவையும் சொல்லாத குழுவையும் ஒப்பிட்டவை அவற்றில் 12 மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை கொரோனாவுக்கு முந்தையவை, சளிக்காய்ச்சலைப் பற்றியவை. அணியச் சொன்னதால் பெரிய வேறுபாடு இல்லை போலும் என்பதே அதன் முடிவு. அடுத்த இரு மாதங்களில் காக்ரேனின் தலைமை ஆசிரியரே, முகக்கவசம் வேலை செய்யாது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு, முகக்கவசம் அணியும்படி மக்களை ஊக்குவிக்கும் முயற்சிகள் பரவலைக் குறைக்கின்றனவா என்பதற்கு இந்தச் சோதனைகளால் தீர்மானமாகப் பதில் சொல்ல முடியவில்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. அந்த வேறுபாடு பெரிய வேறுபாடு. 'இந்த மாத்திரையை விழுங்கினால் குணமாகுமா' என்பது ஒன்று, 'மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் குணமாகுமா' என்பது வேறொன்று. கொடுத்தனுப்பியவர்களில் பாதிப்பேர் விழுங்கவே இல்லையென்றால் இரண்டாவது சோதனை மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்லாது. காசநோய் மருத்துவர்களுக்கு இது அன்றாட அனுபவம்.

டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் சுமார் 6,000 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரை ஒரு மாதம் வெளியே போகும்போது மருத்துவ முகக்கவசம் அணியச் சொன்னார்கள். அணியச் சொன்னவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும், சொல்லாதவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து கணக்கிட்டால், உண்மையான விளைவு, தொற்று 46 விழுக்காடு குறைவது முதல் 23 விழுக்காடு கூடுவது வரை எதுவாகவும் இருக்கலாம். சொன்னபடி முழுமையாக அணிந்ததாகத் தெரிவித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அதைவிட முக்கியமாக, அணிந்தவருக்குக் காப்பு உண்டா என்பதை மட்டுமே அந்தச் சோதனையால் பார்க்க முடிந்தது. நோயாளி அணிந்தால் மற்றவர் தப்புவாரா என்பதை அது தொடவே இல்லை.

வங்கதேசத்தில் 2020 நவம்பர் தொடங்கி 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே நடந்த சோதனை என் மனத்துக்கு நெருக்கமானது, ஏனென்றால் அந்தச் சந்தைகளும் தொழுகைக் கூடங்களும் நம் சந்தைகளையும் கோயில் வாசல்களையும் போன்றவை. வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்து, நேரில் நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களை முன்மாதிரியாக நிறுத்தியபோது, சரியாக அணிபவர் பங்கு 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தது. அறிகுறியோடு கூடி, இரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று ஏறக்குறைய 9 விழுக்காடு குறைந்தது. மருத்துவ முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் குறைவு சற்றுக் கூடுதல். அங்கே 60 வயதைக் கடந்தவர்களிடம் சுமார் 35 விழுக்காடு. துணி முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் பயன் தெளிவாகத் தெரியவில்லை. இந்தச் சோதனையையும் குறை சொன்னவர்கள் உண்டு. எந்த ஊரில் கொடுக்கிறோம் என்பதைக் களப்பணியாளர்களிடம் மறைக்க முடியவில்லை, இரு பக்கமும் எண்ணிக்கையில் இருந்த வேறுபாடு சிறியது என்பன அவர்கள் வாதம். அவற்றைத் தள்ளிவிட முடியாது. நார்வேயில் 2023-இல் 4,600 பேருக்கு மேல் சேர்ந்த இன்னொரு சோதனையில், இரு வாரம் பொது இடங்களில் அணியச் சொன்னவர்களில் 8.9 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 12.2 விழுக்காட்டினரும் சளி இருமல் வந்ததாகச் சொன்னார்கள். அது அவர்களே சொன்னது. பரிசோதனையில் உறுதியானது அன்று.

எனவே இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். ஊர் முழுவதையும் அணியச் சொல்வதால் கிடைக்கும் பயன், கிடைத்தால், சிறியதாகவோ நடுத்தரமாகவோ இருக்கும்; அது எவ்வளவு பேர், எந்த வகையை, எந்த இடத்தில் அணிகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். வேகமாகப் பெருகும் தொற்றில் சிறு குறைவும் மருத்துவமனைப் படுக்கைகளுக்குப் பெரிய வேறுபாடு என்பது என் கருத்து. அதை எண்ணால் நிரூபிக்க என்னால் முடியாது. அணிந்த நாடுகளையும் அணியாத நாடுகளையும் ஒப்பிட்டு இரு பக்கமும் வரைபடம் காட்டுகிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. முகக்கவச உத்தரவு வந்த அதே வாரத்தில் கடையடைப்பும் பள்ளி விடுமுறையும் மக்களின் அச்சமும் சேர்ந்தே வந்தன. எது எதைக் குறைத்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை. சிறு குழந்தைகளுக்குப் பள்ளியில் கட்டாயமாக்கியதற்குப் போதுமான ஆதாரம் இருந்ததாக நான் கருதவில்லை. 5 வயதுக்கு உட்பட்டவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020-இலேயே சொல்லிவிட்டன.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் என்னிடம் கேட்ட எல்லோரிடமும், நோய் இல்லாதவர் முகக்கவசம் அணிய வேண்டியதில்லை என்றுதான் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் அப்படித்தான் சொல்லியிருந்தது. மருத்துவமனைக்கே போதாத நேரத்தில் வெளியே வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்ற அச்சமும் எங்களுக்கு இருந்தது. காசநோய் காற்றில் பரவுவதை வாழ்நாள் முழுவதும் பார்த்தவன், இன்னொரு நுரையீரல் நோயும் அப்படிப் பரவலாம் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய அரசு வீட்டில் தைத்த முகக்கவசத்தைப் பரிந்துரைத்தது; ஜூன் 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனமும் தன் நிலையை மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்டதில் தவறில்லை. பற்றாக்குறை ஒரு காரணம் என்பதை மக்களிடம் முதலிலேயே மனம்விட்டுச் சொல்லாததுதான் தவறு. 'அன்னைக்கு வேண்டாம்னீங்க, இன்னைக்குப் போடுங்கறீங்க, எதைங்க நம்பறது?' என்று கோபியிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

அபராதத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 200 ரூபாயாக இருந்து 2022 ஜனவரியில் 500 ரூபாயானது. திறந்த வெளியில், காற்றடிக்கும் சாலையில், தனியாக வண்டியில் போகிறவர் முகத்தை மூடுவதால் யாருக்கும் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. அங்கேதான் அபராதம் எளிதாக வசூலானது. நோய் தாவியதோ சாலையில் அன்று. சாப்பாட்டுக் கூடத்தில், குளிரூட்டிய மண்டபத்தில், நாலைந்து பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில், வீட்டுக் கூடத்தில், அதாவது முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்த இடங்களில். 2021 மே இறுதியில் தினசரித் தொற்றில் கோவை மாவட்டம் சென்னையை மிஞ்சியது. அந்த வாரங்களில் வெளியே வந்தவர்களில் முகக்கவசம் இல்லாத முகத்தை நான் அரிதாகவே பார்த்தேன். எங்களிடம் வந்த குடும்பங்களை விசாரித்தால், வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் வந்த கதையே திரும்பத் திரும்ப வந்தது.

இனி உங்கள் கம்பெனி. என்னைக் கேட்டால், இருமலும் காய்ச்சலும் உள்ளவரை மூன்று நான்கு நாட்கள் வீட்டில் இருக்கச் சொல்வதுதான் முதல் வேலை. ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர், சம்பளம் போகும் என்றால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்துதான் உட்காருவார். அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க உங்களால் முடியுமா என்று பாருங்கள். 10 பேர் ஒரே வாரத்தில் படுத்து ஆர்டர் தவறுவதைவிட அது உங்களுக்கும் மலிவாக முடியலாம். வந்தே ஆக வேண்டியவருக்கு மூன்றடுக்கு மருத்துவ முகக்கவசம் கொடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு. வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும். அவரை எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும் பக்கம் உட்காரவையுங்கள், அவரைத் தாண்டி வரும் காற்று மற்றவர்கள்மேல் படாதபடி. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றையே கலக்கும், புதுக்காற்றைக் கொண்டுவராது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஒரு பக்கம் காற்றை வெளியே தள்ளும் விசிறியை ஓட்டுவது 40 பேருக்கு முகக்கவசம் போடுவதைவிட எளிதில் நிலைக்கும் ஏற்பாடு. ஆடி மாதம் முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்கு அதைத் தானாகவே செய்துகொடுக்கிறது. மார்கழியில் குளிருக்காகச் சன்னலைச் சாத்திவிடுகிறோம், இருமலும் அப்போதுதான் பெருகுகிறது. சாப்பாட்டு நேரத்தை இரண்டு பந்தியாகப் பிரித்து, முடிந்தால் வெளித்திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். அயர்னிங் பிரிவில், நீராவி அடிக்கும் வெக்கையில் நாள் முழுக்க நிற்கிறவரை என்95 போடச் சொல்லாதீர்கள். 'மூச்சு முட்டுதுங்க' என்று அவர் சொல்வது சாக்கு அன்று. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்ற பரவலான அச்சம் நலமுள்ளவர்களுக்கு ஆதாரமற்றதுதான். ஆனாலும் கடும் உழைப்பில் மூச்சிழுக்கும் சிரமம் உண்மையானது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் உங்களிடம் இருந்தால், முகக்கவசம் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அது இலவசம். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். எங்கள் தலைமுறைக்கு முன்னால் காசநோய் என்றால் பெருந்துறை சானடோரியம்தான். குடும்பத்தை விட்டுப் பிரித்து மாதக்கணக்கில் படுக்கவைப்பார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது, கூட இருப்பவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றுவதில்லை என்று காட்டி அந்த முறையையே மாற்றியது. சரியான மருந்து தொடங்கிய பின் முதல் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களுக்கும், நோய் கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருந்த காலத்துக்கும்தான் நோயாளிக்கு முகக்கவசம் மிகுதியும் தேவை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், சளி எடுக்கும் அறைக்குச் சன்னல் இல்லை; அங்கே பணியிலிருந்த செவிலியர் ஒருவருக்குக் காசநோய் வந்த பிறகுதான் சுவரை உடைத்தார்கள். அவருக்குச் சாதாரண முகக்கவசம்தான் கொடுத்திருந்தோம், என்95 கொடுக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை, கூட்டமான பேருந்து, மருத்துவமனை வரிசை, மண்டபத்துக் கல்யாணம் ஆகிய இடங்களுக்குப் போகும்போது அவருக்கு நல்ல என்95 அல்லது ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தரக்குறி உள்ள, அதே போன்ற எஃப்எஃப்பி2 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்தபடி அணிந்து பழகட்டும். மூச்சு வாங்கினால் கழற்றிவிடலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். ஒருமுறை அணிந்ததைக் காகித உறையில் போட்டுச் சில நாட்கள் உலரவிட்டு மீண்டும் அணியலாம். பட்டை தளர்ந்ததும் தூக்கிப்போடுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், இதுவரை போடவில்லையென்றால் நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் அவருக்கு எந்த முகக்கவசத்தையும்விட முக்கியம். அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். கம்பெனியிலிருந்து நீங்கள் இருமலோடு வீடு திரும்பும் நாட்களில் முகக்கவசம் அணிய வேண்டியவர் நீங்கள், அவர் அல்லர். அந்த நான்கைந்து நாட்கள் அவரோடு ஒரே அறையில் படுக்காமல், சாப்பாட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, கூடத்துச் சன்னலை இரவிலும் ஒரு சாண் அளவுக்குத் திறந்து வையுங்கள்.